பழைய பிரெஞ்சுத் தங்கப் பிரேஸ்லெட்: 750 மாற்றுக்கு ஏன் இவ்வளவு மவுசு?

மாற்றுப்பொன் எழுதியது:

"பிரெஞ்சு நகை வெறும் 18 கேரட், அதற்குப் போய் எடைக்கு மேல் காசு கொடுப்பதா?" என்ற கேள்வி இங்கே அடிக்கடி வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பேச்சுக்கு நடுவில் அமுங்கிப் போவதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். சுமார் 1830 முதல் 1950 வரையிலான தங்கப் பிரேஸ்லெட்டுகள் போதும். வைரம் பதித்த பெரிய உருப்படிகள் வேண்டாம்.

முதலில் மாற்று, அதாவது தங்கத்தின் தூய்மை; 18 கேரட் என்றால் ஆயிரத்துக்கு 750 பங்கு தங்கம். பிரான்சில் 1797 நவம்பரில் வந்த சட்டம் தங்கத்துக்கு ஆயிரத்துக்கு 920, 840, 750 என்று மூன்று தரம் வைத்தது. நகைத் தொழிலுக்கு மூன்றாவதுதான் ஒத்து வந்தது. அதற்கும் கீழே போனதை உள்நாட்டில் தங்கம் என்று சொல்லி விற்க 1994 வரை வழியில்லை. இங்கிலாந்தில் 1854-லேயே 15, 12, 9 கேரட்டுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அதனால் அந்தக் காலத்து ஆங்கிலேயப் பிரேஸ்லெட்டைக் கையில் எடுத்தால் முதல் கேள்வியே மாற்று என்ன என்பதுதான். பிரெஞ்சு உருப்படியில் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழாது.

ஆனால் ஈர்ப்பு மாற்றில் இல்லை, மூட்டுகளில் இருக்கிறது. மோதிரமோ தோடோ ஓரிடத்தில் நிற்கும். பிரேஸ்லெட் நாள் முழுக்க வளைந்து, உரசி, மேசையில் இடிபட்டுக்கொண்டே இருக்கும் நகை. நூறு வருஷம் கழித்தும் ஒரு கண்ணி இன்னொன்றின் மேல் சத்தமில்லாமல் புரள்கிறது, பூட்டு 'டக்' என்று விழுகிறது என்றால் அது செய்நேர்த்தி. 916-இல் அவ்வளவு மெல்லிய நாக்குப் பூட்டு (மடித்த தகடு பெட்டிக்குள் போய்ப் பிடிக்கும் வகை) செய்தால் நாளடைவில் துவண்டுவிடும். 750-இல் நிற்கும். என் கருத்தில் இந்த வகையை எடை போட்டு வாங்குவதே தப்பு. புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.


உரைகல் எழுதியது:

மூட்டு விஷயத்துல முழுசா ஒத்துப்போறேன். பட்டறைக்காரனா நிறத்தைப் பத்திக் கொஞ்சம் சேர்க்கணும்.

750 பங்கு தங்கம் போக மீதி 250-ல வெள்ளி, செம்பு விகிதத்தை மாத்தினா நிறம் மாறும். வெள்ளி 125, செம்பு 125 போட்டா நல்ல மஞ்சள். வெள்ளி 45, செம்பு 205 போட்டா ரோஜா நிறம். செம்பே இல்லாம 250-ம் வெள்ளின்னா பச்சை சாயல் வரும். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேலையில ஒரே காப்புல மஞ்சள் தளம், ரோஜா நிறப் பூ, பச்சைத் தங்க இலைன்னு மூணும் இருக்கும். எனாமல் கிடையாது, வர்ணம் கிடையாது, எல்லாமே தங்கம்தான். 22 கேரட்ல கலக்க மீதி 84 பங்குதான் இருக்கு, இந்த விளையாட்டுக்கு அது பத்தாது.

இன்னொண்ணு மேற்பரப்பு. 1850-க்கு அப்புறம் வந்த பல காப்புகள்ல மாம்பழத் தோல் மாதிரி மங்கின, ஆழமான மஞ்சள் இருக்கும். அது மெருகு போட்டு வந்ததில்லை. வெடியுப்பு 2 பங்கு, படிகாரம் 1, கறியுப்பு 1 சேர்த்துக் கொதிக்கிற கரைசல்ல முக்கி எடுப்பாங்க. மேல் தோல்ல இருக்கிற செம்பும் வெள்ளியும் கரைஞ்சு, சுத்தத் தங்கம் மட்டும் மெல்லிசா நிக்கும். அந்தத் தோல் மனுஷ முடியோட தடிமன்கூட இருக்காது. மெருகு மெஷின்ல ஒரு தடவை வச்சா போச்சு, திரும்பாது. வாங்கினவுடனே "பாலிஷ் போட்டுக் குடுங்க"ன்னு நம்ம ஊர்க் கடையில நீட்டறதுதான் இந்த நகைக்கு நடக்கிற பெரிய கொடுமை.


வடலி எழுதியது:

மாற்றுப்பொன் அக்கா சொன்னதில ஒரு சின்னத் திருத்தம். 1884 தை (ஜனவரி) மாதச் சட்டம் ஏற்றுமதிக்கு மட்டும் 750-க்குக் குறைஞ்ச தரத்தையும் அனுமதிச்சது. ஏற்றுமதிக்குப் போன உருப்படிகளில மெர்குரி தெய்வத்தின்ர தலை முத்திரை இருக்கும். பிரெஞ்சு வேலைதான், ஆனா 14 கேரட்டாயும் இருக்கலாம். அமெரிக்காவில இருந்து திரும்பி வாற பிரேஸ்லெட்டுகளில இதைப் பாக்கலாம். 750-க்கும் மெர்குரி தலை உண்டு எண்டபடியால் முத்திரையை நல்லா வாசிக்க வேணும்.

முத்திரைகளைப் பற்றி ஒழுங்கா எழுதுறன், புதுசா வாறவைக்கு உதவும்.

750 தங்கத்துக்குக் கழுகுத் தலை. 1838 வைகாசி (மே) 10-இல தொடங்கி இண்டைக்கு வரைக்கும் அதுதான். 1838-க்கு முந்தி, 1819 தொடக்கம், பரிஸ் நகரத்தில சின்ன உருப்படிகளுக்குச் செம்மறிக்கடாத் தலை. 1838-இல இருந்து 1919 வரைக்கும் பரிஸுக்கு வெளியில, மாகாணங்களில, குதிரைத் தலை. ஆகவே குதிரைத் தலை கண்டால் ரெண்டு விஷயம் ஒரே அடியில தெரியும்: பரிஸில முத்திரை குத்தினது இல்லை, 1919-க்குப் பிந்தினதும் இல்லை. கழுகுத் தலை மட்டும் இருந்தால் காலம் சொல்ல ஏலாது. "கழுகு இருக்கு, ஆகவே 19ஆம் நூற்றாண்டு" எண்டு எழுதுற விற்பனையாளர் ஒண்டில் தெரியாதவர், இல்லாட்டி தெரிஞ்சு எழுதுறவர்.

காலம் கண்டுபிடிக்க உதவுறது செய்தவரின்ர முத்திரை. அது சாய்சதுரக் கட்டம், உள்ளே பெயரின் முதலெழுத்துகளும் நடுவில ஒரு சின்னமும்: நட்சத்திரம், நங்கூரம், மரம், எதுவுமாயிருக்கலாம். சதுரக் கட்டம் எண்டால் உடனே கையை எடுங்கோ. சட்டப்படி சரிசதுரம் தங்கத் தகடு ஏத்தின வேலைக்கு. 'ஃபிக்ஸ்', 'ம்யூரா', 'ஓரியா' எண்டு எழுத்தில இருந்தாலும் அதே கதைதான். வேலை வடிவாயிருக்கும், ஆனா உள்ளே பித்தளை.

எங்கே தேடுறது? பூட்டின்ர நாக்கில, நாக்கு போய் விழுகிற பெட்டியின்ர விளிம்பில, கடைசி வளையத்தில. பத்து மடங்கு பெருக்குக் கண்ணாடி கட்டாயம், முத்திரை ஒரு மில்லிமீற்றர் ரெண்டு மில்லிமீற்றர்தான் வரும். நீளச் சங்கிலி வேலைகளில பத்து சென்ரிமீற்றருக்கு ஒருக்கால் காண்டாமிருகத் தலையும் குத்துவினம்.

இன்னொரு அருமையான அடையாளம் இருக்கு, கன பேர் பாக்கிறேல்லை. முத்திரை குத்தேக்கை உருப்படியைச் சின்னப் பட்டடை ஒண்டின்ர மேல வைப்பினம். அந்தப் பட்டடையின் முகத்திலயும் பூச்சி உருவங்கள் செதுக்கியிருக்கும். மேலே சுத்தியல் விழ, முன்பக்கம் கழுகு, பின்பக்கம் வண்டின்ர காலோ இறகின்ர ஒரு துண்டோ பதியும். கழுகை மட்டும் போலியாய்க் குத்துறவன் பின்பக்கத்தை மறந்துபோவான்.


நித்திலா எழுதியது:

வடலி அண்ணா, ஒரு சந்தேகம். ஏலப் பட்டியல் ஒன்றில் 1900 காலத்துக் காப்பி விதைக் கண்ணிப் பிரேஸ்லெட், 31 கிராம். படத்தில் ஆந்தை முத்திரை தெளிவாகத் தெரிகிறது, சாய்சதுரம் தேய்ந்துவிட்டது. ஆந்தை என்றால் இறக்குமதிதானே? ஆனால் வேலை அப்படியே பிரெஞ்சு. பூட்டுக்குப் பக்கத்தில் எட்டு வடிவப் பாதுகாப்புக் கம்பியும் இருக்கிறது.


வடலி எழுதியது:

ஆந்தை 1893-இல இருந்து. வெளிநாட்டில இருந்து வந்ததுக்கும் குத்துவினம், எங்கே செய்தது எண்டு நிரூபிக்க ஏலாததுக்கும் குத்துவினம். இந்த ரெண்டாவதுதான் முக்கியம். பழைய கழுகு தேய்ஞ்சுபோன ஒரு பிரெஞ்சுப் பிரேஸ்லெட் ஏலத்துக்கு வந்தால், முத்திரை இல்லாமல் விக்க ஏலாது. அலுவலகத்தில சோதிச்சு, மாற்று சரியெண்டால் ஆந்தை குத்தித் தருவினம். ஆகவே ஆந்தை சொல்லுறது "750 மாற்று உறுதி, பூர்வீகம் தெரியாது" எண்டது மட்டும்தான்.

நீங்கள் பாக்கிறதில ஆந்தை எந்தப் பாகத்தில இருக்கு? நாக்கில மட்டும் எண்டால் நாக்கு பிற்காலத்தில மாத்தினதாயும் இருக்கலாம். கண்ணியிலயும் நாக்கிலயும் ரெண்டிலயும் இருந்தால் நல்லது. பட்டியலில 'ப்வா ப்ரூ' எண்டு போட்டிருக்கோ பாருங்கோ. அது மொத்த எடை, கல்லு, இரும்பு வில்லு எல்லாம் சேர்த்து. 'மெத்தால் தோரே' எண்டால் முலாம் பூசின உலோகம். 'வெர்மெய்' எண்டால் வெள்ளிக்கு மேல தங்க முலாம். 'ஆக்சிதான்' எண்டு ஒரு சொல்லு கடைசியில சின்னனா இருக்கும், எங்கேயோ உடைவு இருக்கு எண்டு அர்த்தம். அதைக் கண்டால் நேரில பாக்காமல் கேக்கவே வேண்டாம்.


எடைக்கல் எழுதியது:

எல்லாம் படித்தேன். என் கேள்வி நேரடியானது. இந்தக் காப்பி விதைக் கண்ணி, பருமனான குதிரைக் கடிவாளக் கண்ணி எல்லாம் பாதிக்கு மேல் உள்ளே கூடு. பார்வைக்கு ஏழு பவுன், தராசில் மூன்று பவுன். நம் ஊரில் ஒருவர் இப்படிச் செய்து கொடுத்தால் ஏமாற்று என்போம். பிரான்சில் செய்தால் கலை என்கிறோம். நசுங்கினால் நிமிர்த்த முடியாது, விற்கப்போனால் உருக்கி எடுக்கும் பொன்னின் விலைதான். 750 என்பதால் அதிலும் கால் பங்கு கழியும். வாங்குகிறவர் கையில் என்ன நிற்கிறது?


உரைகல் எழுதியது:

> நம் ஊரில் ஒருவர் இப்படிச் செய்து கொடுத்தால் ஏமாற்று என்போம்.

எடையை மறைச்சு வித்தாத்தான் ஏமாத்து. கூடுங்கிறது ஒரு வேலை முறை. நம்ம பழைய கடகமும் வங்கியும்கூட உள்ள அரக்கு அடைச்ச கூடுதானே.

கூடு பண்றது கெட்டியைவிடக் கஷ்டம். காப்பி விதைக் கண்ணியை எடுத்துக்குங்க. மெல்லிய தகட்டை எஃகு அச்சுல அடிச்சு அரைவிதையா எடுக்கணும். ரெண்டு பாதியைச் சேர்த்துப் பத்த வைக்கணும், அதாவது ஒட்டுப் பொடி வச்சு ஊதி இணைக்கணும். உள்ள காத்து சூடேறி விரியும், அது வெளிய போக ஊசிமுனைத் துளை விடணும், விடலைன்னா கண்ணி வெடிச்சிடும். அடுத்த கண்ணியைக் கோத்துப் பத்த வைக்கும்போது முதல் கண்ணியோட பத்து (ஒட்டு) உருகக்கூடாது. அதனால உருகுநிலை இறங்கு வரிசையில ரெண்டு மூணு விதமான பொடி வச்சு ஊதுவாங்க. இப்படி முப்பது கண்ணி. எல்லாம் ஒரே கோட்டுல விழணும், ஒண்ணு திரும்பினாலும் கையில போட்டா முறுக்கிக்கும்.

ஆனா நசுங்கறது உண்மை. கூடு காப்புல குழி விழுந்தா வெளியிலிருந்து எடுக்க முடியாது. பின்பக்கம் அறுத்துத் திறந்து, உள்ளிருந்து தள்ளி, மறுபடி மூடணும். கோடு தெரியும். அதனால குழி இருக்கிற கூடு உருப்படிக்குத் தாராளமா விலை குறைச்சுக் கேளுங்க. முன்பக்கம் குழின்னா வேண்டவே வேண்டாம்.


மாற்றுப்பொன் எழுதியது:

எடைக்கல் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பெயர் தெரியாத பட்டறையின் சாதாரணக் கடிவாளக் கண்ணிப் பிரேஸ்லெட்டுக்கு உருக்கு விலைக்கு மேல் அதிகம் கொடுக்கத் தேவையில்லை. அதைச் சேதாரமும் செய்கூலியும் இல்லாத பழைய வேலையாக நினைத்து வாங்கினால் மனம் நோகாது. அதற்கு மேல் கொடுக்க வேண்டியது மூன்று சந்தர்ப்பங்களில் மட்டும்.

ஒன்று, பட்டறை தெரியும்போது. பாரிஸின் பெரிய கடைகள் பல சங்கிலி வேலையைத் தாங்களே செய்ததில்லை, அதற்கென்றே தனிப் பட்டறைகள் இருந்தன. ஜார்ஜ் லான்ஃபான், அவருக்குப் பின் ஜாக் லான்ஃபான் நடத்திய பட்டறை கார்த்தியேவுக்கும் ஹெர்மெஸுக்கும் வான் க்ளீஃப் அண்ட் ஆர்பெல்ஸுக்கும் கண்ணி செய்து கொடுத்தது. கடைப் பெயர் பொறிக்காமல், பட்டறையின் சாய்சதுரம் மட்டும் இருக்கும் பிரேஸ்லெட்டுகள் இன்றும் சாதாரண நகை வரிசையில் வந்து விழுகின்றன. அதே கை, பெயர் மட்டும் இல்லை.

இரண்டு, காலத்தின் எண்ணம் வடிவத்தில் தெரியும்போது. இதற்கு நான் காட்டுவது 'டாங்க்' பிரேஸ்லெட். ஏறக்குறைய 1935 முதல் 1950 வரை. பீரங்கி வண்டியின் சக்கரப்பட்டை போலத் தடித்த பாலங்களும் கட்டைகளும் மாறிமாறி வரும். பாலம் ரோஜா நிறம், கட்டை மஞ்சள் என்று இரண்டு தங்கம் கலப்பது வழக்கம். போர்க்காலத்தில் பிளாட்டினம் கிடைக்கவில்லை, தங்கமும் தட்டுப்பாடு, வாடிக்கையாளர் தன் பழைய நகையைக் கொடுத்துத்தான் புதிது செய்துகொள்ள வேண்டிய நிலை. அந்த நெருக்கடியில்தான் தகட்டை மடித்து, வளைத்து, குறைந்த பொன்னில் கனத்த தோற்றம் தரும் கலை உச்சத்துக்குப் போனது. என்றாலும் நல்ல டாங்க் 50 கிராமுக்குக் குறையாது, 100 தாண்டுவதும் உண்டு. பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: ஒவ்வொரு பாலத்துக்கும் அடியில் மெல்லிய கம்பி ஊசி ஓடும், அதைச் சுற்றித்தான் பட்டை மடங்கும். ஊசியின் முனை வெளியே தெரியாதபடி ராவி மூடியிருப்பார்கள். முனை துருத்திக்கொண்டு தெரிந்தால் பின்னாளில் கழற்றிக் கண்ணி குறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

வான் க்ளீஃபின் 'லூடோ' 1934-இல் வந்தது. தேனடை போன்ற அறுகோணத் துண்டுகள், அல்லது செங்கல் அடுக்கு, கையில் துணிப்பட்டை போல விழும். டாங்க் முரட்டு அழகு என்றால் லூடோ அதற்கு நேரெதிர். என் ஓட்டு டாங்குக்கே.

மூன்றாவது, கையால் செய்த பொடி வேலை. 1820, 30-களின் கம்பிச் சுருள் வேலை ஒரு வகை. 1861-இல் மூன்றாம் நெப்போலியன் கம்பானா சேகரிப்பை வாங்கி, அதிலிருந்த பழைய எத்ருஸ்கன் (ரோமருக்கு முந்தைய இத்தாலிய) நகைகள் பாரிஸில் காட்சிக்கு வந்தபின் பிறந்த மணி வேலை இன்னொரு வகை. யூஜென் ஃபோன்தனே போன்றவர்கள் செய்த மணிகளைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்: மணி உருண்டை உருண்டையாக, அடியில் புள்ளியளவு மட்டும் ஒட்டியிருக்கும், இடுக்கில் பற்று வழிந்திருக்காது. அச்சில் அடித்த நகலில் மணிக்கும் தளத்துக்கும் நடுவே பள்ளமே இருக்காது, அம்மைத் தழும்பு மாதிரி மேடு மட்டும்தான்.


எடைக்கல் எழுதியது:

பதிலுக்கு நன்றி. மூன்றாவதை ஒத்துக்கொள்கிறேன். கூடு பற்றிய என் எண்ணம் மாறவில்லை, தினமும் போட நினைப்பவர்கள் கெட்டி வேலையே பார்க்கட்டும்.

சோதனைக்கு வருகிறேன். உரைகல்லில் உரசினால் பழைய நகையில் கீறல் விழும். மாற்று காட்டும் ஊடுகதிர் (எக்ஸ்ரே) மெஷினில் வைத்தால் போதாதா?


உரைகல் எழுதியது:

மெஷின் பாக்கிறது மேல் தோலை மட்டும். ஊடுகதிர் சில மைக்ரான்தான் நம்பகமா உள்ள போகும். கனமாத் தகடு ஏத்தின பித்தளையில அதுவும் 750-ன்னே காட்டும். நான் மேல சொன்ன கொதிகரைசல் தோல் இருந்தா 750 உருப்படி 800-க்கு மேலயும் காட்டலாம், அதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் கூடாது. குறைஞ்சது நாலு இடம் வைங்க: கண்ணி முதுகு, தேய்ஞ்ச மூட்டு, நாக்கு, பாதுகாப்புச் சங்கிலி. தேய்ஞ்ச மூட்டு சொல்றதுதான் நிஜம்.

கெட்டி உருப்படின்னா தண்ணி எடை போடுங்க, கீறல் இல்லாத சோதனை. 750 மஞ்சளோட அடர்த்தி சுமார் 15.4. காத்துல 40 கிராம்னா தண்ணிக்குள்ள நூல்ல தொங்கவிட்டா 37.4 பக்கத்துல நிக்கணும். 35.3 வந்தா அடர்த்தி 8.5, அதாவது பித்தளை. ரோஜாத் தங்கத்துக்குக் கொஞ்சம் குறையும், 15-ஐ ஒட்டி வரும். காத்துக்குமிழி ஒட்டியிருந்தா கணக்கு கெட்டுடும், தண்ணியில ஒரு சொட்டு சோப்பு விட்டா குமிழி நிக்காது. கூடு வேலைக்கு இந்தச் சோதனை செல்லாது, உள்ள இருக்கிற காத்து பொய் சொல்லும். கல் வச்சதுக்கும் செல்லாது.

அடுத்தது மூட்டுத் தேய்மானம். பிரேஸ்லெட்டை ஒரு முனையில பிடிச்சு, தட்டையான முகம் பக்கவாட்டுல, விளிம்பு மேல பார்க்கிற மாதிரி கிடையா நீட்டுங்க. நல்ல மூட்டுன்னா மெதுவா வளைஞ்சு இறங்கும். தேய்ஞ்சதுன்னா பக்கவாட்டுல திரும்பித் தளர்ந்து தொங்கும். அப்புறம் கண்ணியும் கண்ணியும் உரசுற இடத்தைக் கண்ணாடியில பாருங்க. கம்பி தடிமன்ல மூணுல ஒரு பங்கு போயிருந்தா அது இனிமே போட்டுக்கற நகை இல்லை. பின்னல் வேலைன்னா பழைய நைலான் துணி மேல ரெண்டு பக்கமும் இழுங்க, அறுந்த கம்பி இருந்தா நூலைப் பிடிக்கும்.

கடைசியா ஈயம். பின்பக்கம் சாம்பல் நிறத்துல குமிழா எதாவது தெரிஞ்சா, யாரோ ஈயப்பத்து வச்சிருக்காங்க. பாக்கச் சின்ன விஷயம். ஆனா அதைச் சுரண்டி எடுக்காம ஊதுகுழல் காட்டினா, ஈயம் தங்கத்துக்குள்ள இறங்கிக் குழிகுழியா அரிச்சிடும், சுத்தியிருக்கிற பொன்னும் நொறுங்கற பதத்துக்குப் போயிடும். கூர்க்கத்தியால முடிஞ்சவரை சுரண்டி, மீதியை அசிட்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசல்ல கரைச்சு, அதுக்கப்புறம்தான் நெருப்பு. பட்டறை ஆள் இதைத் தானாச் சொல்லலைன்னா வேற பட்டறை பாருங்க.


நித்திலா எழுதியது:

கல் வைத்ததையும் எனாமலையும் பற்றி யாரும் எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சேர்க்கிறேன்.

பெர்பிஞ்ஞானின் கார்னெட் பிரேஸ்லெட்டுகளைத் தேடுகிறவர்கள் இங்கே சிலர் உண்டு. ஸ்பெயின் எல்லையோரக் கத்தலான் பகுதி வேலை. 2018-இல் 'பெர்பிஞ்ஞான் கார்னெட்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கல்லின் பின்புறம் தட்டையாக இருக்கும், மூடிய குழியில் பளபளக்கும் தகடு வைத்து அதன்மேல் பதிப்பார்கள். நம் ஜடாவு போலவே ஒளி தகட்டில் பட்டுத் திரும்பித்தான் அந்தச் சிவப்பு எரிகிறது. ஒரே ஒரு முறை தண்ணீரில் முக்கினாலும் ஈரம் உள்ளே போய்த் தகடு கறுத்துவிடும், கல் செத்த மாதிரி ஆகிவிடும். வாங்கும்போது எல்லாக் கல்லும் ஒரே பிரகாசமா என்று சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு மட்டும் மங்கல் என்றால் நீர் புகுந்திருக்கிறது.

கறுப்பு எனாமல் கோட்டு வேலை உள்ள காப்புகளில் கோட்டின் முனைகளைப் பாருங்கள், முதலில் பெயர்வது அங்கேதான். கறுப்பு அரக்கு வைத்து அடைத்திருந்தால் ஊசி முனை இறங்கும். எனாமல் கண்ணாடி, இறங்காது. ஊசியை விற்பவர் அனுமதியோடு மட்டும், பின்பக்கத்தில் மட்டும்.

சுத்தம் செய்ய: கல், முத்து, எனாமல், கூடு எதுவுமில்லாத கெட்டித் தங்கத்துக்கு மட்டும் வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு மென்மையான சோப்பு, குழந்தைப் பல்துலக்கி. மற்றதற்கெல்லாம் உலர்ந்த மெல்லிய துணி போதும். கூடு கண்ணிக்குள் ஊசித் துளை வழியே போன தண்ணீர் வெளியே வராது, அடுத்த முறை நெருப்பு காட்டும்போது ஆவியாகிக் கண்ணியைப் பிளக்கும். அல்ட்ராசோனிக் தொட்டி இந்த வகை எதற்கும் வேண்டாம். நீச்சல்குளமும் வேண்டாம், வளைத்து இறுகிய நாக்கின் மடிப்பில் குளோரின் விரிசல் விடும்.

ஒரு கேள்வி: விறைப்பான காப்புக்கு அளவு எப்படிப் பார்ப்பது? மில்லிமீட்டரில் போடுகிறார்கள், நம் 2.4, 2.6 கணக்குக்கு மாற்றினால் சரியாக வருமா?


மாற்றுப்பொன் எழுதியது:

வட்டமான, திறக்காத காப்புக்கு வரும். 2.4 என்பது இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பாகமும், உள்விட்டம் 57 மி.மீ. 2.6 என்றால் 60.3, 2.8 என்றால் 63.5. வாரத்துக்கு ஏழு என்று சேர்த்து அணியும் மெல்லிய வளையல் தொகுப்புகளை இந்தக் கணக்கில் வாங்கலாம்.

கீல் வைத்துத் திறக்கும் காப்புக்கு இந்தக் கணக்கு உதவாது. அவை நீள்வட்டம், கை மடக்கி நுழைக்க வேண்டியதில்லை, மணிக்கட்டை ஒட்டி நிற்கும். உள்ளளவு 58க்கு 49 என்று போட்டிருந்தால் உள்சுற்றளவு ஏறக்குறைய 168 மி.மீ. வரும். மணிக்கட்டுச் சுற்றளவு 16 செ.மீ.க்கு மேல் என்றால் இறுக்கும். கண்ணிப் பிரேஸ்லெட் பெரும்பாலும் 17 முதல் 19 செ.மீ., பழையவை சிலது அதற்கும் குட்டை. மணிக்கட்டைவிட ஒன்றரை செ.மீ. கூடுதல் இருந்தால் போதும். நீளம் கூடுதலென்று கண்ணியைக் கழற்றினால் அந்தக் கண்ணியைப் பத்திரப்படுத்துங்கள், விற்கும்போது கூடவே கொடுக்க வேண்டும். குறைவென்று புதுக் கண்ணி சேர்த்தால் நிறம் ஒட்டாது.


வடலி எழுதியது:

வாங்குறதைப் பற்றி. பரிஸில த்ருவோ ஏல மண்டபத்தில விற்பனைக்கு முதல் நாளும் அண்டைக்குக் காலமையும் எல்லாருக்கும் காட்சிக்கு வைப்பினம். கேட்டால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து கையில தருவினம், கேக்கக் கூச்சப்பட வேண்டாம். சுத்தியல் விலைக்கு மேல வாங்குறவர் கட்டணம் வரி எல்லாம் சேர்த்து 25 தொடக்கம் 30 வீதம் ஏறும், அதைக் கழிச்சுப்போட்டுத்தான் உங்கட உச்ச விலையை முடிவெடுக்க வேணும். ஃப்ராங் பூர்ழுவா தெருவில க்ரெடி முனிசிபல், 1777-இல தொடங்கின அடகு நிலையம், மீட்காத நகைகளை ஏலம் விடும். அங்கே பழசும் புதுசும் கலந்து வரும், பொறுமை வேணும்.

வாங்க முந்திக் கண்ணைப் பழக்க விரும்பினால் ரிவோலி தெரு 107-இல இருக்கிற அலங்காரக் கலை அருங்காட்சியகத்தின்ர நகைக் கூடத்துக்குப் போங்கோ. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிண்டு பூட்டுகளை மட்டும் பாத்துக்கொண்டு வாங்கோ. நகை செய்யிற ஃபூக்கே 1899-இல ஓவியர் முகா வரைஞ்ச வடிவத்தில நடிகை சாரா பெர்னார்டுக்குச் செய்த பாம்புக் கைநகை அங்கே இல்லை, அது இப்ப ஜப்பானில சகாய் நகரத்தில. அதைப் பாத்தால் தெரியும், மணிக்கட்டுக் காப்பையும் மோதிரத்தையும் சங்கிலியால தொடுத்து, கை அசையிறதுக்கு ஏத்தமாதிரி மூட்டுகள் வைச்சிருக்கு. அக்கா முதல் பதிவில சொன்னது அதுதான்.


நித்திலா எழுதியது:

ஆந்தை பிரேஸ்லெட்டுக்குக் கூடுதல் படம் அனுப்பினார்கள். ஆந்தை நாக்கிலும் கடைசிக் கண்ணியிலும் இருக்கிறது. கண்ணியின் பின்பக்கம் ஏதோ கோடுகள் தெரிகின்றன, பூச்சியின் இறகாக இருக்கலாம். குழி இல்லை. ஒரே குறை, பூட்டு லேசாக இழுத்தாலே வந்துவிடுகிறதாம். சரிசெய்யக் கூடியதா?


உரைகல் எழுதியது:

தாராளமா. நாக்கு வில் விசையை இழந்திருக்கு, அவ்வளவுதான்.

முதல்ல மடிப்பு இருக்கிற மூக்குப் பக்கம் கண்ணாடி வச்சுப் பாருங்க. குறுக்குக் கோடா விரிசல் இல்லைன்னா, மெல்லிய கத்தி முனையை நாக்கோட ரெண்டு இதழுக்கு நடுவுல மடிப்புக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் விட்டு, மேல் இதழை முடியளவு தூக்கினா போதும். மடிப்பையே பிடிச்சு வளைக்கக் கூடாது, வருஷக்கணக்கா மடங்கி இறுகின இடம், டப்புன்னு ஒடியும். ஒரு தடவை தூக்கிப் பூட்டிப் பாருங்க. சத்தம் கேக்கலைன்னா இன்னும் ஒரு முடி, அதுக்கு மேல வேண்டாம்.

விரிசல் இருந்தா புது நாக்குதான். 750 தகடு, 0.4-லேர்ந்து 0.5 மி.மீ., உருளையில ஓட்டி இறுகினது. அதைக் காய்ச்சக் கூடாது, காய்ச்சினா வில் போயிடும். மடிச்ச அப்புறம் அடிப்பாகத்தை மட்டும் லேசர்ல ஒட்டச் சொல்லுங்க. லேசர் இல்லைன்னா மடிப்பை ஈரத்துணியால பொதிஞ்சுட்டு அடியில மட்டும் சீக்கிரமா ஊதி எடுக்கணும். உங்களோடதுல ஆந்தை நாக்குலயும் இருக்கு, அதனால பழைய நாக்கைத் திருப்பி வாங்கிக் காகிதத்துல மடிச்சு ரசீதோட வையுங்க. எட்டு வடிவக் கம்பியையும் பாத்துடுங்க, அது மாட்டுற குமிழ்ல இறுக்கமா ஏறலைன்னா குறடால லேசா உள்பக்கம் அமுக்கினா போதும், அதுக்கு நெருப்பே வேண்டாம்.